காலி ப்ராஜெக்டை முதல் வாரமே சமர்ப்பியுங்கள்

ஐந்தாம் செமஸ்டர் மினி ப்ராஜெக்டுக்கு டீம் பிரித்து நோட்டீஸ் போர்டில் ஒட்டியாகிவிட்டது. டீமுக்கு நாலு பேர். இனி ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நிற்கும் எல்லோரும் கேட்கப்போவது ஒன்றுதான்: "மேம், இந்த டைட்டில் ஓகேவா?" டைட்டில் முக்கியம்தான். ஆனால் எழுதப்போகும் ப்ரோக்ராம் கோடை எங்கே வைப்பது, நாலு பேர் கணினியிலும் அது எப்படி ஓடும், கடைசியில் என்னிடம் எதைக் கொடுப்பது என்பதையும் இதே வாரத்தில் பேசி முடித்துவிட வேண்டும். பல வருடமாக இந்த லேபைப் பார்த்துக்கொள்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், நன்றாக வேலை செய்த டீம்கள் மதிப்பெண்ணைக் கோட்டைவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

என் வேண்டுகோள் இதுதான். ப்ராஜெக்டை முதல் வாரமே சமர்ப்பித்துவிடுங்கள். உள்ளே ஒன்றும் இருக்காது, பரவாயில்லை. பிரௌசரைத் திறந்தால் ப்ராஜெக்ட் பெயரும் நாலு பேர் பெயரும் வந்தால் போதும். ஆனால் அந்தக் காலிப் பக்கம், ப்ராஜெக்டின் கோடை மாற்ற வரலாற்றோடு இணையத்தில் வைத்திருக்கும் தளமான கிட்ஹப்பில் இருக்க வேண்டும். நாலு பேர் கணினியிலும் ஓட வேண்டும். லேபில் ஏதோ ஒரு கணினியில் நான் அதை குளோன் செய்து (முழுப் பிரதியாக இறக்கி), எப்படி ஓட்டுவது என்று சொல்லும் ரீட்மீ ஃபைலில் எழுதியிருப்பதை அப்படியே அடித்தால் அங்கேயும் ஓட வேண்டும். இது நடந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

ஏன் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன் என்றால், கடைசி ரிவ்யூ அன்று நடப்பதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஹாஸ்டல் மெஸ் பில் கணக்கிடும் ப்ராஜெக்ட் ஒன்று. லீவ் போட்ட நாட்களைக் கழித்து மாதக் கடைசியில் யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்று சரியாகச் சொல்லும். அந்த டீமின் லேப்டாப்பில் அழகாக ஓடியது. என் கணினியில் குளோன் செய்தேன். முதலில் டேட்டாபேஸே இல்லை என்றது. டேபிள்களை ஒரு பையன் தன் லேப்டாப்பில் மவுஸால் க்ளிக் செய்து உருவாக்கியிருந்தான். அவற்றை உருவாக்கும் எஸ்க்யூஎல் ஃபைல் ரெப்போவில், அதாவது கிட்ஹப்பில் ப்ராஜெக்ட் இருக்கும் இடத்தில், இல்லை. அதை வாட்ஸ்அப்பில் வாங்கிப் போட்ட பிறகு, டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் தவறு என்றது. அவன் கணினியின் பாஸ்வேர்ட் கோடுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. அதை மாற்றினால், பில்லை பிடிஎஃப் ஆகச் சேமிக்கும் இடத்தில் நின்றது. சேமிக்கும் பாதை அவனுடைய சி டிரைவ், அவனுடைய டெஸ்க்டாப். எல்லாம் சரிசெய்த பிறகும் லோகோ படம் வரவில்லை. ஃபைலின் பெயரில் முதல் எழுத்து பெரிய எழுத்து, கோடில் சின்ன எழுத்து. விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். என் கணினியில் இருப்பது உபுண்டு லினக்ஸ், அதற்கு அவை இரண்டும் வேறு வேறு ஃபைல்கள்.

நாலுமே தனித்தனியாகப் பார்த்தால் ஐந்து நிமிட வேலை. முதல் வாரத்தில் காலிப் பக்கத்தோடு ஒரு டேபிளை மட்டும் வைத்து ஓட்டிப் பார்த்திருந்தால் இவற்றில் பாதியாவது அப்போதே தெரிந்திருக்கும். ரிவ்யூ நாளில் எக்ஸ்டர்னல் (வெளித் தேர்வாளர்) பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பின்னால் அடுத்த டீம் காத்திருக்க, ஒன்றன்பின் ஒன்றாக வந்தபோது அந்தப் பிள்ளைகளுக்குக் கை நடுங்கியது. கணக்குப் போடும் பகுதியை எவ்வளவு யோசித்து எழுதியிருந்தார்கள் என்பதைக் காட்டுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. அது எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது.

சரி, எப்படித் தொடங்குவது?

ஒருவர் மட்டும் ரெப்போ உருவாக்கட்டும். மற்ற மூவரையும் என்னையும் அதில் கொலாபரேட்டராகச் சேர்க்கட்டும். சேர்த்தவுடன் எல்லோருக்கும் ஒரு அழைப்பு மெயில் போகும். அதை ஏழு நாளைக்குள் ஏற்றுக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் காலாவதியாகிவிடும். நம் பிள்ளைகள் வாட்ஸ்அப்பை நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள், மெயிலைத் திறப்பதே இல்லை. அதனால் நாலு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அழைப்பை அங்கேயே ஏற்றுக்கொண்டு, ஆளுக்கொரு வரி ரீட்மீயில் சேர்த்து, அதை கமிட் செய்து (மாற்றத்தை உங்கள் பெயரில் பதிந்து), புஷ் செய்துவிட்டு (கிட்ஹப்புக்கு அனுப்பிவிட்டு) எழுந்திருங்கள். தயவுசெய்து ஃபோர்க் பட்டனை அழுத்தாதீர்கள். அது உங்கள் கணக்கில் தனியாக ஒரு பிரதியை உண்டாக்கும். நாலு பேரும் ஃபோர்க் செய்துவிட்டு நாலு பிரதியில் ஆளுக்கொரு பக்கமாக வேலை செய்துகொண்டிருந்த டீமும் உண்டு.

கோட் எழுதுவதற்கு முன்பே, ரெப்போவுக்குள் எதெல்லாம் வரக்கூடாது என்று சொல்லும் கிட்இக்னோர் ஃபைலைப் போட்டுவிடுங்கள். நோட்.ஜேஎஸ் பயன்படுத்துகிறீர்கள் என்றால் நோட்-மாட்யூல்ஸ் ஃபோல்டர் உள்ளே வரக்கூடாது. பைத்தான் என்றால் வெர்ச்சுவல் என்விரான்மெண்ட் ஃபோல்டர் வரக்கூடாது. அதற்குள் உங்கள் கணினியின் பாதைகள் எழுதப்பட்டிருக்கும், வேறு கணினிக்கு எடுத்துப்போனால் ஒழுங்காக வேலை செய்யாது. எந்த லைப்ரரி, எந்த வெர்ஷன் என்று சொல்லும் பட்டியல் ஃபைல் மட்டும் வந்தால் போதும், மற்றதை அந்தந்தக் கணினி தானே இறக்கிக்கொள்ளும். மெஷின் லேர்னிங் டீம்களுக்குத் தனியாக ஒன்று: 100 எம்பிக்கு மேல் உள்ள எந்த ஃபைலையும் கிட்ஹப் ஏற்காது. டேட்டாசெட்டையோ பயிற்சி முடித்த மாடலையோ கமிட் செய்துவிட்டு, புஷ் நிராகரிக்கப்பட்டதும் ஃபைலை டெலீட் செய்து மறுபடி கமிட் போடுவார்கள். அப்போதும் போகாது. பழைய கமிட்டில் அந்த ஃபைல் இருந்துகொண்டேதான் இருக்கும், மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருளான கிட் மொத்த வரலாற்றையும் சேர்த்துத்தான் அனுப்புகிறது. அந்தக் கமிட்டையே பின்னோக்கிப் போய் எடுத்தால்தான் தீரும்.

ஏபிஐ கீ (வெளிச் சேவையைப் பயன்படுத்தத் தரப்படும் ரகசியக் குறியீடு), பாஸ்வேர்ட் விஷயமும் இதேதான். பப்ளிக் ரெப்போவில் ஒருமுறை புஷ் ஆகிவிட்டால் அடுத்த கமிட்டில் அழித்துப் பயனில்லை. முதல் வேலையாக அந்தக் கீயை ரத்து செய்து புதிதாக வாங்குங்கள். அழிப்பதெல்லாம் அதற்கப்புறம்.

இப்போது நம் லேப் கணினிகளைப் பற்றி. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இணையத்தில் கிடைக்கும் பாடங்கள் எல்லாம் ஆளுக்கொரு லேப்டாப் இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் எழுதப்பட்டிருக்கின்றன. என் வகுப்பில் அப்படி இல்லை. காலேஜ் பஸ்ஸில் வந்து போகிற பல பேருக்கு லேப் கணினிதான் கணினி. காலையில் ஒரு பேட்ச், மதியம் ஒரு பேட்ச், ஒரே கணினியில் இரண்டு மூன்று டீம்களின் ஆட்கள் உட்காருகிறார்கள்.

அங்கே என்ன ஆகும்? காலையில் உட்கார்ந்த பையன் கிட்டில் தன் பெயரையும் மெயிலையும் குளோபலாக, அதாவது அந்தக் கணினியில் எல்லா ப்ராஜெக்டுக்கும் பொதுவாக, பதிந்துவிட்டுப் போயிருப்பான். மதியம் வருகிற பெண் தன் ப்ராஜெக்டில் கமிட் செய்வாள். கிட் எதுவும் கேட்காது, பதிந்திருக்கிற பெயரைத்தான் எடுத்துக்கொள்ளும். அவள் எழுதிய கோட் முழுக்க, அவள் டீமிலேயே இல்லாத ஒருவன் பெயரில் ஏறும். அப்புறம் புஷ் செய்தால் 403 என்று ஒரு பிழை வரும். அனுமதி மறுக்கப்பட்டது என்று சொல்லி, யாருக்கு மறுக்கப்பட்டது என்று ஒரு பெயரையும் காட்டும். அது அவள் பெயராக இருக்காது. பிழைச் செய்தியைக் கடைசிவரை படிக்காமல், "மேம், கிட்ஹப் என்னைப் பிளாக் பண்ணிடுச்சு" என்று பதறிக்கொண்டு வருவார்கள். ஒன்றும் இல்லை. காலையில் வந்தவனின் லாகினை விண்டோஸ் நினைவில் வைத்திருக்கிறது. கண்ட்ரோல் பேனலில் கிரெடென்ஷியல் மேனேஜரைத் திறந்து, விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ் பகுதியில் கிட்ஹப் என்று இருப்பதை நீக்குங்கள். அடுத்த புஷ்ஷில் உங்களை உள்நுழையச் சொல்லும். வேலை முடிந்து எழுந்திருக்கும்போது உங்களுடையதையும் நீக்கிவிட்டுப் போங்கள். பெயரையும் மெயிலையும் குளோபல் இல்லாமல் அந்த ரெப்போவுக்கு மட்டும் பதியுங்கள். மெயில் உங்கள் கிட்ஹப் கணக்கில் சேர்த்திருக்கும் மெயிலாகவே இருக்கட்டும், அதை வைத்துத்தான் கிட்ஹப் கமிட்டை உங்கள் கணக்கோடு சேர்க்கிறது.

கமாண்ட் லைனில் கணக்கின் பாஸ்வேர்டை அடித்தால் வேலை செய்யாது. 2021 ஆகஸ்டிலேயே கிட்ஹப் அதை நிறுத்திவிட்டது. பிரௌசர் வழியாக உள்நுழையுங்கள், அல்லது பாஸ்வேர்டுக்குப் பதிலாகக் கிட்ஹப் தரும் டோக்கன் எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது உங்களை அடையாளம் காட்டும் எஸ்எஸ்ஹெச் கீ போடுங்கள். பல கல்லூரி நெட்வொர்க்குகளில் எஸ்எஸ்ஹெச்சுக்கான 22ஆம் போர்ட்டை (நெட்வொர்க் வாசலை) மூடி வைத்திருப்பார்கள். கிட்ஹப் 443ஆம் போர்ட் வழியாகவும் எஸ்எஸ்ஹெச் தருகிறது, அதற்குத் தனி முகவரி உண்டு.

நெட் இல்லையே என்று யாரும் வேலையை நிறுத்த வேண்டாம். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலுக்காக கிட்டை எழுதியபோதே, ஒவ்வொருவர் கையிலும் முழு வரலாறும் இருக்க வேண்டும் என்றுதான் அமைத்தார். கமிட் செய்ய நெட் வேண்டாம். ஹாஸ்டலில் வைஃபை இல்லாத இரவிலும் கமிட் போட்டுக்கொண்டே போகலாம், நெட் கிடைக்கும் இடத்தில் மொத்தமாக புஷ் செய்யலாம். உள்ளே ஒவ்வொரு கமிட்டும் அதனதன் நேரத்தோடு இருக்கும்.

இந்தப் பெயர் விஷயத்தில் நான் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு டீமில் லேப்டாப் வைத்திருந்தவர் டீம் லீடர் மட்டும். அதே டீமில் இரண்டு பஸ் மாறி வருகிற ஒரு பெண். வீட்டில் கணினி கிடையாது. லேப் நேரத்திலும் மதிய இடைவேளையிலும் உட்கார்ந்து, லாகின் பகுதியையும் ரிப்போர்ட் பகுதியையும் முழுக்க அவள்தான் எழுதினாள், நான் கண்ணால் பார்த்தேன். எழுதியதைப் பென் டிரைவில் போட்டு லீடரிடம் கொடுப்பாள். அவர் தன் லேப்டாப்பில் ஒட்டி கமிட் செய்வார். கடைசியில் யார் எத்தனை கமிட் என்று எண்ணிப் பார்த்தால் அவள் பெயரே இல்லை. லீடர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை, அதுதான் சுலபமாக இருந்தது. ஆனால் ரெப்போவை மட்டும் பார்த்து மதிப்பெண் போடும் யாருக்கும் அவள் சும்மா இருந்தவளாகத்தான் தெரிவாள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அவளுக்குக் காட்டவும் ஒன்றும் இருக்காது.

அதனால் என் லேபில் இப்போது இது விதி: யார் எழுதினாரோ அவர் பெயரில்தான் கமிட். இருவர் சேர்ந்து ஒரே கணினியில் எழுதினால், கமிட் செய்தியின் கடைசியில் கோ-ஆதர்ட்-பை என்று ஒரு வரி போட்டு மற்றவரின் பெயரையும் மெயிலையும் சேருங்கள். கிட்ஹப் இருவருக்கும் கணக்கில் காட்டும். பென் டிரைவில் கோடை எடுத்துக்கொண்டு அலைய வேண்டாம்.

வேலையைப் பிரிப்பதிலும் இதே சிக்கல்தான். பெரும்பாலான டீம்கள் பிரிப்பது இப்படி: ஃப்ரண்ட் எண்ட் ஒருவர், பேக் எண்ட் ஒருவர், டேட்டாபேஸ் ஒருவர், டாக்குமெண்டேஷன் ஒருவர். இந்த நாலாவது ஆள் பெரும்பாலும் ஒரு பெண்ணாகவே இருப்பதை நான் பார்க்கிறேன், அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. வைவாவில் எக்ஸ்டர்னல், "நீ என்னம்மா பண்ணின?" என்று கேட்கும்போது, "ரிப்போர்ட் டைப் பண்ணினேன் சார்" என்று அவள் தலை குனிந்து சொல்ல வேண்டியிருக்கிறது. மெஸ் பில் ப்ராஜெக்டையே எடுத்துக்கொள்ளுங்கள். லீவ் பதிவது ஒருவர், பில் கணக்கிடுவது ஒருவர், வார்டன் ஒப்புதல் ஒருவர், மாதாந்திர ரிப்போர்ட் ஒருவர் என்று பிரிக்கலாம். ஒவ்வொருவரும் தன் பகுதிக்கு வேண்டிய பக்கம், சர்வர் கோட், டேபிள் மூன்றையும் தொட வேண்டியிருக்கும். அவரவர் பகுதியின் ரிப்போர்ட்டை அவரவரே எழுதுவார்கள். இன்னொரு லாபமும் உண்டு. முதல் பிரிவினையில் டேட்டாபேஸ்காரர் முடிக்கும்வரை மற்ற மூவரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். இரண்டாவதில் யாருக்காகவும் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை.

அப்படிப் பிரித்தாலும் எங்கேயாவது இரண்டு பேர் ஒரே ஃபைலின் ஒரே வரியை மாற்றத்தான் செய்வார்கள். மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் வரும். ஃபைலைத் திறந்தால் நடுவில் வரிசையாக அம்புக்குறிகள், ஒரு சமக்குறி வரிசை, மறுபடி அம்புக்குறிகள். மேலே இருப்பது உங்களுடையது, கீழே இருப்பது மற்றவருடையது. பயந்துபோய் மற்றவருடையதை மொத்தமாக அழித்துவிட்டுப் போவதுதான் வழக்கம். அவர் மூன்று நாள் கழித்து வந்து, "என் கோடைக் காணோமே" என்று தேடுவார். டீமில் சண்டை தொடங்குவது அங்கேதான். கான்ஃப்ளிக்ட் வந்தால் சம்பந்தப்பட்ட இரண்டு பேரும் ஒரே திரை முன்னால் உட்காருங்கள், முடியாவிட்டால் போனில் பேசிக்கொண்டே செய்யுங்கள். இரண்டும் வேண்டுமா, ஒன்று போதுமா என்று முடிவெடுத்து, குறிகளை எல்லாம் எடுத்துவிட்டு, ஓட்டிப் பார்த்த பிறகுதான் கமிட். கிட்ஹப்பில் இருப்பதன் மேல் உங்களுடையதைத் திணிக்கும் ஃபோர்ஸ் புஷ் பக்கம் மட்டும் போகவே போகாதீர்கள். வேலையைத் தொடங்கும் முன் ஒரு புல் (மற்றவர்கள் அனுப்பியதை இறக்கிக்கொள்வது), முடித்ததும் ஒரு புஷ் என்று தினமும் செய்கிற டீமுக்கு வரும் கான்ஃப்ளிக்ட் நாலைந்து வரிக்கு மேல் இருக்காது. இரண்டு வாரம் தனித்தனியாக எழுதிவிட்டு ரிவ்யூவுக்கு முந்தைய இரவு சேர்ப்பவர்களுக்குத்தான் விடிய விடிய வேலை.

சமர்ப்பிக்கும் நாள் பற்றி மூன்று விஷயம். ஜிப் வேண்டாம். கிட்ஹப்பில் இறக்கும் ஜிப்பில் வரலாறு வராது, எனக்கு வரலாறு வேண்டும். எந்த நிலையை மதிப்பிட வேண்டுமோ அதற்கு ஒரு டேக் (பெயர் அடையாளம்) போடுங்கள்: ரிவ்யூ-1, ரிவ்யூ-2, ஃபைனல். நான் அந்த டேக்கைத்தான் எடுத்துப் பார்ப்பேன், அதற்குப் பிறகு நீங்கள் மாற்றிக்கொண்டே இருந்தாலும் கவலையில்லை. ஆனால் சாதாரணமாக புஷ் செய்தால் டேக் போகாது. அதைத் தனியாக புஷ் செய்ய வேண்டும். செய்த பிறகு கிட்ஹப் பக்கத்தைத் திறந்து டேக் தெரிகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

நேரம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். கமிட்டில் உள்ள நேரம் உங்கள் கணினியின் கடிகாரத்திலிருந்து வருவது. மதர்போர்டு பேட்டரி தீர்ந்த லேப் கணினியில் கமிட் செய்தால் பல வருடம் பின்னால் போய் ஒரு தேதி விழும், அதற்காக யாரும் பதற வேண்டாம். கெடுவுக்கு நான் கணக்கில் எடுப்பது, டேக் எனக்குக் கிட்ஹப்பில் வந்து சேர்ந்திருக்கிறதா என்பதை மட்டும்தான். கெடு முடிந்த நிமிடம் எல்லா ரெப்போவையும் இறக்கிக்கொள்வேன்.

ஏஐ எழுதிக்கொடுத்த கோடைப் போடலாமா என்று இந்த வருடமும் கேட்பீர்கள். போடுங்கள். ஆனால் உங்கள் பெயரில் உள்ள கமிட்டில் எந்த வரியைக் காட்டிக் கேட்டாலும் நீங்கள் விளக்க வேண்டும். விளக்க முடியாத வரியை நீங்கள் எழுதியதாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

முதல் ரிவ்யூ லேபிலேயே நடக்கும், கதவோரம் இருக்கும் உபுண்டு கணினியில். உங்கள் லேப்டாப்பைக் கொண்டுவரத் தேவையில்லை. ரெப்போ முகவரியும் டேக்கும் போதும். காலிப் பக்கம் ஒன்று, டேட்டாபேஸிலிருந்து ஒரே ஒரு வரி, இரண்டும் திரையில் வந்துவிட்டால் முழு மதிப்பெண். நாலு பேரும் வர வேண்டும். கீபோர்டில் யார் உட்கார்ந்து ரீட்மீயைப் பார்த்து ஓட்ட வேண்டும் என்பதை நான் அப்போதுதான் சொல்வேன்.